ராசமலர் பிடுங்கிய கம்புகள்

கண்ணாமுனையில் ராசமலரை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை. ஏமாற்ற நினைத்தவர்கள் ஊர் நிறைய உண்டு என்பது அவளுடைய எண்ணம். இறால் வாங்க மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் றிகாஸ் தராசைத் தூக்கினால் போதும், குனிந்து தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். கோயில் பொங்கலில் கஜு முந்திரி யாருடைய இலைக்கு அதிகம் போகிறது என்று கடைசி வரிசையில் இருந்து கண் வைத்திருப்பாள். மழை பெய்தால்கூட முதல் துளி யார் வீட்டுக் கூரையில் விழுந்தது என்று விசாரிக்கிற பெண் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவள் காதில் விழும்படி பண்ணமாட்டார்கள்.

மகள் விதுசாவைப் பெண் பார்க்கக் கிரிசாந்தின் ஆட்கள் கிளிவெட்டியிலிருந்து வந்த அன்று நடந்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ராசமலர் வாசலுக்குப் போய், அவர்கள் கழற்றி வைத்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். ஊர்க்காரர் சுளிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும்.

விதுசா நடை பழகிக்கொண்டிருந்த காலம் அது, சண்டைக் காலம். ஒரு விடியற்காலை ராசமலரின் புருஷனை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வெளிச்சம் வந்த பிறகு அவள் முற்றத்து மணலைப் பார்த்தாள். சப்பாத்துக் காலடிகள் நிறைய. வேலிக்கு வெளியே, முற்றத்துக்குள் வராமல், ஒரு சோடி ரப்பர் செருப்பின் தடம் மட்டும் தனியாக நின்றிருந்தது. வலது குதி உட்பக்கம் தேய்ந்த செருப்பு. வீட்டைக் காட்டிக் கொடுக்க வந்த ஊர்க்கால்.

புருஷன் திரும்பி வரவில்லை. அந்தச் செருப்பின் சொந்தக்காரனையும் அவள் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்று தொடங்கிய காலடி பார்க்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறுமாக, வெருகலுக்கு வடக்கே நீளக் கிடக்கிற மணல் ஊர் கண்ணாமுனை. மணலில் ஒருவர் நடந்தால் அது எழுதி வைத்தமாதிரி. யார் எந்த வீட்டுக்குப் போனார், போகும்போது சுமையோடு போனாரா, வரும்போது வெறுங்கையாக வந்தாரா என்றெல்லாம் ராசமலர் காலையில் அத்தாங்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போகிற வழியிலேயே சொல்லிவிடுவாள். கோழி களவுபோன வீட்டில் பொலிசுக்கு முதல் ராசமலரைத்தான் கூட்டிவர ஆள் போகும். அவள் காட்டிய ஆள் பிழையாகப் போனதே இல்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறைய இருந்தது, அதுதான் பிறகு வினையாகப் போனது.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், சின்னப்போடி. ஆற்றின் அக்கரையில் வயல் செய்கிறவர். அவரோடு ராசமலர் கதைப்பதில்லை. அதற்கு ஆற்றுவாய்தான் காரணம்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய, கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அடைத்த தண்ணீரில்தான் இறால் வளரும். மாரி தொடங்கி ஆறு நிரம்பினால் அக்கரை வயல்களுக்குள் தண்ணீர் ஏறும். வெள்ளாமைக்காரருக்கு வாயை உடனே வெட்டவேண்டும். இறால்காரருக்கு இன்னும் கொஞ்ச நாள் போகவேண்டும். இந்த இழுபறி எந்தக் காலத்திலும் இருந்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு பகுதியும் வாயை அடைத்த மணல் திடலில் கூடி, வெட்டப்போகிற வாயின் அகலத்துக்கு ஆற்று விளிம்பில், சேற்றுக் கரையில் வளர்கிற கண்ணா மரத்துக் கம்புகளை வரிசையாக நடுவார்கள். கம்பை இரண்டு பகுதியும் பார்த்துச் சம்மதித்த பிறகு, வெள்ளாமைக்காரர் ஒருவரும் இறால்காரர் ஒருவரும் சேர்ந்து முதல் மண்ணை எடுப்பார்கள். கம்பு நடாமல் மண்வெட்டி வைக்கக்கூடாது.

ஒரு மாரியில் அக்கரைக்காரர் யாருக்கும் சொல்லாமல் வெட்டிவிட்டார்கள். அந்த வருஷத்து இறால் முழுவதும் கடலோடு போய்விட்டது. விடிந்ததும் ராசமலர் திடலுக்குப் போய்ப் பார்த்தாள். கலைந்து கிடந்த தடங்களுக்கு நடுவில் சுண்டுவிரல் இல்லாத ஓர் இடது கால். சின்னப்போடி பொடியனாக இருந்தபோது மண்வெட்டி பட்டு அந்த விரல் போனது. அப்போது அந்தக் காலைத் தன் சட்டைத் துணியால் கட்டிவிட்டவளே ராசமலர்தான்.

"என்ர வளவுக்க காலடி வச்சா அந்தக் காலை வெட்டுவன்," என்று ஆற்றைத் தாண்டிக் கேட்கிறமாதிரிக் கத்தினாள். சின்னப்போடியும் ரோசக்காரர். வைக்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். வருஷங்கள் போயின. இரண்டு பேரும் எதிரெதிர்க் கரையில் நின்று முகம் கழுவுவார்கள், பார்க்காதமாதிரிப் போவார்கள்.

ஆறும் அந்த வருஷங்களில் சும்மா இருக்கவில்லை. ராசமலர் கலியாணம் முடித்தபோது ஆற்றுவாய் பாலை மரத்துக்கு நேரே இருந்தது. சுனாமி அதை அடைத்துவிட்டு வடக்கே வேறொன்றைத் திறந்தது. சண்டைக்கு இடம்பெயர்ந்து முகாம் முகாமாக அலைந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கரையில் நின்ற பாலை மரம் ஆற்றின் நடுவில் பட்டுப்போய் நின்றது. மலைநாட்டில் அணைகள் கட்டியபிறகு முன்போல் வண்டல் வருவதில்லை. கோடையில் தண்ணீர் நூலாக வருகிறது, மாரியில் அணைக் கதவுகளைத் திறந்தால் ஒரேயடியாக வருகிறது. இடையில் டிப்பர் லொறிகள் வேறு, ஆற்றுக்குள் இறங்கி மணலை அள்ளிக்கொண்டு போகின்றன. போன மணலுக்குப் பதில் ஆறு கரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் யாராவது விளக்கினால் ராசமலர் உதட்டைப் பிதுக்குவாள்.

"ஆறு தன்ர பாட்டில ஒண்டும் செய்யாது. ஆரோ செய்யிறாங்கள்."

இதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் வில்லங்கம். வீட்டுத்திட்டம் வந்தபோது கண்ணாமுனையே திரண்டு ஆற்று வளைவில் மணல் அள்ளியது. ராசமலரும் விதுசாவுமாகக் கடகம் கடகமாகச் சுமந்தார்கள். வளைவில் நின்ற கண்ணாப் பற்றையும் வழிக்கு இடைஞ்சல் என்று வெட்டி எறியப்பட்டது. 'ஆரோ' என்று அவள் சொல்கிறபோது அந்த மணலும் அந்தப் பற்றையும் அவளுக்கு ஞாபகம் வந்ததில்லை.

வீடு விதுசாவுக்கு. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் இருப்பான். வீடு இல்லை என்றால் கலியாணப் பேச்சு இல்லை. கிரிசாந் நல்ல பொடியன், செருப்புச் சோதனையிலும் தேறிவிட்டான். தை மாதம் நாள் வைத்தாயிற்று. ராசமலர் வளவில் இருந்த தகரக் கொட்டிலில் மகளோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் கல்வீட்டைக் கட்டினாள். அவள் உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த வீட்டுக்குள் போனது. கூரை ஏறி, பூச்சும் முடிந்து, கடைசியாக முதிரைப் பலகைக் கதவு பூட்டிய அன்று அவள் அந்தக் கதவை உள்ளே இருந்து சாத்தினாள், திறந்தாள், திரும்பவும் சாத்தினாள். அவளுக்கு அழுகை வந்தது. புருஷனைக் கூப்பிட்டபோது வீட்டில் சாத்துவதற்கு ஒரு கதவு இருக்கவில்லை. சாக்குத்தான் தொங்கியது.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வளவு, அதன்பிறகு ஆறு. வளவின் ஓரமாக ஆற்றிலிருந்து கடற்பக்கம் வரை ஒரு பள்ளம் ஓடியது. ஒரு காலத்தில் ஆறு அந்த வழியாகப் போனது என்பார்கள். இப்போது அதில் ஆடு மேய்ந்தது.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த பிறகு ஒருநாள் காலை, ராசமலர் வீட்டுக்குப் பின்னால் போனாள். ஆற்று விளிம்பில், ஒரு முழம் உள்ளே தள்ளி, கண்ணாக் கம்புகள் வரிசையாக நட்டிருந்தன. பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. பக்கத்தில் ஈர மணலில் தோணி இழுத்த தடம். அதன் பக்கத்தில், சுண்டுவிரல் இல்லாத இடது கால்.

அவளுக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. மணல் திடலில் வாயை வெட்டினால் இறால்காரர் சண்டைக்கு வருவார்கள். அதனால் இந்தமுறை பள்ளத்தை வெட்டப் போகிறார்கள். பழைய ஆற்று வழியில் தண்ணீரை விட்டால் அக்கரை வயல் ஒரே நாளில் வடியும். நடுவில் நிற்பது தங்கச்சியின் வீடு. அது யாருக்கு என்ன?

கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குழிகளைக் காலால் மூடினாள். கம்புகளைக் கொண்டுவந்து முறித்து அடுப்பில் வைத்தாள். அன்றைய சோறு அதில்தான் வெந்தது.

அடுத்த காலை திரும்பவும் கம்புகள். பிடுங்கினாள். அதற்கடுத்த காலையும். அவர் விடியமுன் வந்து நட்டுவிட்டுப் போவார், அவள் விடிந்ததும் பிடுங்குவாள். ஒரு வார்த்தை இல்லாமல் அண்ணனும் தங்கச்சியும் இப்படி ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு விறகுப் பஞ்சம் இல்லாமல் போனது.

றிகாஸ் இரண்டு கரைக்கும் போகிறவன். அவனிடம் வாய் பிடுங்கிப் பார்த்தாள்.

"அக்கரையில என்ன கதை, தம்பி?"

"கதையா? ஒண்டுமில்லயே, ராசமலரக்கா." அவன் இறாலை ரெஜிபோம் பெட்டியில் கொட்டி ஐஸை அள்ளிப் போட்டான். "உங்கட அண்ணன்தான் உங்கட ஊட்டப் பத்திக் கேட்டாரு. பின்சுவருக்கும் ஆத்துக்கும் எவ்வளவு இடம் இரிக்கி எண்டு."

"அதை ஏன் அவர் கேக்கிறார்?"

"எனக்குத் தெரியா. மனுசன் முகம் சரியில்ல. நீங்க ஒருக்காப் பேசிப் பாருங்களே."

"நீ ஆர்ர ஆள்? அவர்ர ஆளா?"

றிகாஸ் பெட்டியை மூடிக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுடைய மோட்டார் சைக்கிள் எந்த வளைவில் திரும்புகிறது என்பதையும் அவள் கவனிக்கத் தொடங்கினாள்.

இரண்டு நாள் போக, விதுசாவின் போனுக்கு அழைப்பு வந்தது. பிள்ளை மெல்லிய குரலில் "ஓம் மாமா, ஓம் மாமா," என்பது கொட்டிலுக்கு வெளியே கேட்டது. ராசமலர் உள்ளே போனாள்.

"என்னவாம்?"

"புது வீட்டுக்குக் குடி போக வேணாமாம் அம்மா. சாமான் ஒண்டும் உள்ளுக்கு வைக்க வேணாமாம். ஏனெண்டா..."

ராசமலர் போனைப் பறித்து அழைப்பை வெட்டினாள். "ஏனெண்டு எனக்குத் தெரியும். உன்ர கலியாணம் நடக்கப்படாது. அதுதான் ஏன்."

"மாமா அப்பிடிப்பட்ட ஆள் இல்லையம்மா."

"நீ அந்த மணல் திடலைப் பாக்கேல்ல. நான் பாத்தனான்."

விதுசா போனை வாங்கி வைத்துவிட்டாள். அம்மாவோடு காலடியைப் பற்றிக் கதைத்து வென்றவர் அந்த ஊரில் கிடையாது.

ஐப்பசி முடிகிற நேரம், நகரத்திலிருந்து ஒரு கந்தோர்க்காரர், அரசாங்க அதிகாரி, ஜீப்பில் வந்தார். திருகோணமலை வெயிலில் கறுத்த இளம் ஆள், காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பின்வளவில் நின்று ஆற்றைப் பார்த்தார். கூட வந்தவர் அளவு நாடாவை நீட்டிப் பிடித்தார்.

"அம்மா, நீங்கள்தானே இஞ்ச இருக்கிறது? இந்தக் கரை நாளுக்கு நாள் உடையுது எண்டு எங்களுக்கு ஒரு முறைப்பாடு. சரியான வேகமா அரிக்குதாம். மண்மூட்டை அடுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கினம்."

"ஆர் கேட்டது?"

"அக்கரையில ஒரு விவசாயி."

ராசமலருக்கு உள்ளுக்குள் சிரிப்பே வந்துவிட்டது. கம்பு நட்டு முடியவில்லை, இப்போது கந்தோரையே பிடித்துவிட்டான். கரை உடைகிறது, ஆபத்து, வீட்டை விட்டு எழும்பு என்று எழுதுவார்கள். நாங்கள் எழும்பிய மறுநாள் மண்வெட்டி வந்துவிடும். காணி போன கதை இந்தப் பக்கத்தில் கொஞ்சமா? எல்லாம் முதலில் அளவு நாடாவோடுதான் தொடங்கியது.

"ஐயா, இஞ்ச பாருங்கோ. புல்லுக்கூட அப்பிடியே கிடக்கு. நான் நாளாந்தம் காலமை இந்தக் கரையில நிக்கிறனான். ஒரு சாண் மண்கூடப் போகேல்ல."

"உண்மையா, அம்மா? முறைப்பாட்டில ஒவ்வொரு நாளும் ஒரு முழம் போகுது எண்டு இருக்கு."

"பொய். அந்த ஆளுக்குத் தன்ர வயல்தான் பெரிசு. அதுக்காண்டி என்னவும் சொல்லுவார்."

அவர் புல்லைப் பார்த்தார். புல் உண்மையிலேயே பச்சையாக, விளிம்பு வரை இருந்தது. நாளுக்கு ஒரு முழம் உடைகிற கரை அப்படி இருக்காது. மண்மூட்டை கேட்டு வேறு இடங்களிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் எதையோ குறித்துக்கொண்டு, அவள் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ராசமலர் ஜீப்பின் டயர்த் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெருவரைக்கும் போய்ப் பார்த்தாள். நேராக நகரத்துப் பக்கம்தான் போனது. வென்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு கம்பு வரவில்லை. பயந்துவிட்டான், இனித் திடலைத்தான் வெட்ட வருவான் என்று கணக்குப் போட்டாள்.

கார்த்திகையில் புயல் கிளம்பியது. மழை விடாமல் பெய்தது, மேலே அணைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்னது. ஆறு செங்கல் நிறத்தில் பெருகி வந்தது. அக்கரை வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள். இன்றைக்கு வெட்ட வராவிட்டால் என்றைக்கும் வரமாட்டார்கள் என்று ராசமலர் காலையிலேயே குடையும் கத்தியுமாகத் திடலுக்குப் போனாள். இன்னும் சில இறால்காரரும் வந்து நின்றார்கள். காற்றில் குடை பிரிந்து போக, யூரியாப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி குந்தியிருந்தாள்.

மத்தியானம் போல ஒரு தோணி அக்கரையை விட்டுப் புறப்பட்டது. சின்னப்போடி நீளக் கழியால் தாங்கித் தள்ளுகிறார். கூட இரண்டு பேர். தோணிக்குள் மண்வெட்டி, அலவாங்கு.

"வாறார் பாருங்கோ!" என்று அவள் எழும்பினாள்.

ஆனால் தோணி திடலுக்கு வரவில்லை. வெள்ளத்தோடு மல்லுக்கட்டி, மேலே அவளுடைய வளவுப் பக்கம் திரும்பியது. பள்ளம்! நான் இங்கே காவல் இருக்கிறேன், அவன் அங்கே வெட்டப் போகிறான். விதுசா வீட்டில் தனிய. ராசமலர் கத்தியைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். விழுந்து, எழும்பி, திரும்பவும் ஓடினாள்.

அவள் வளவுக்குள் வந்தபோது சின்னப்போடி அலவாங்கை வைத்து முதிரைக் கதவை நிலையிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார். தோணியில் கூட வந்த கிரிசாந்தும் ஓர் அக்கரைக்காரரும் ஆளுக்கொரு யன்னலைத் தோளில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடினார்கள். விதுசா மழையில் நனைந்து, தையல் மெசினை மணலில் இழுத்துக்கொண்டு போனாள்.

"கள்ளன்! என்ர பிள்ளையின்ர கதவு! விடு! விட்டிடு!"

சின்னப்போடி திரும்பிப் பார்க்கவில்லை. "கதைக்க நேரமில்லை, புள்ள. அந்தப் பக்கத்தைப் பிடி."

"கையை எடு எண்டன்!"

"பின்னால போய்ப் பார். பாத்திட்டு வந்து என்னை வெட்டு."

அவள் வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினாள். வளவு இல்லை. குசினிச் சுவர் வரைக்கும் தண்ணீர். அத்திவாரத்துக் கல் பாதி வெளியே தெரிய, அதன் கீழே ஒன்றுமே இல்லாமல் ஆறு சுழித்துக்கொண்டு போனது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே, பக்கத்தில் பச்சைப் புல்லோடு ஒரு பாளம் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. மேலே புல் கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்தது. அடியில்தான் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் திரும்பி ஓடி வந்து கதவின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது குசினி இறங்கியது. பிறகு பின்னறை. கூரை கொஞ்ச நேரம் சரிந்து நின்றது, பிறகு அதுவும் முறிந்து விழுந்தது. பின்னேரத்துக்குள் வீடு நின்ற இடத்தால், பழைய பள்ளத்தின் வழியே, ஆறு நேராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராசமலர் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள். ஆளைத்தான் பிழையாகப் பிடித்தாள். அவள் காவல் இருந்த மணல் திடலில் ஒரு கைப்பிடி மண் குறையவில்லை.

வெள்ளம் கொஞ்சம் தணிய, சின்னப்போடி அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டில் இருந்த வீடு. அவருடைய மனைவி, ராசமலரின் மச்சாள், சோறு போட்டுக் கொடுத்தாள். ராசமலர் பிசைந்தபடி இருந்தாள். வாய்க்குள் வைக்கவில்லை. சின்னப்போடி கதிரையில் இருந்து ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, விதுசாவுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்கட கரையை உங்களுக்குத் தெரியாது மகள். நீங்கள் மேல நிக்கிறனீங்கள், புல்லுத்தான் தெரியும். எனக்கு அக்கரையில இருந்து அடி தெரியும். ஒரு ஆள் புகுந்து படுக்கலாம், அவ்வளவுக்கு அடியில குடைஞ்சு போச்சு. எவ்வளவு வேகமா உடையுது எண்டு பாக்கத்தான் விளிம்பில கம்பு நட்டனான். விடிய வந்து பாத்தா ஒரு கம்பும் இல்லை. ஒவ்வொரு நாளும் இல்லை. ஒரு முழம் ஒரு முழமா ஆறு கொண்டு போகுது எண்டு நினைச்சன். அதைத்தான் கந்தோருக்கும் சொன்னனான். மண்மூட்டை கேட்டனான்."

அவர் துணியை உதறினார். "அவையள் வந்து பாத்திட்டு, நான் பொய் சொல்லுறன் எண்டு போட்டினம். போன்ல எடுத்து ஏசினவை. வேலையில்லாம கந்தோரை அலைக்கழிக்காதேங்கோ எண்டு. அதுக்குப் பிறகு நான் எடுத்தா ஒருத்தரும் கதைக்கிறேல்ல. எனக்கு இன்னும் விளங்கேல்ல, அந்தக் கம்பு எல்லாம் எங்க போனது எண்டு."

ராசமலர் சோறு பிசைவதை நிறுத்தினாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அந்த மணலும் ஆற்றோடு போய்விட்டது, தடமும் இல்லை, சாட்சியும் இல்லை.

"நான்தான் புடுங்கினன்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தரம் நேராகப் பார்த்தார்.

"வாய் வெட்டத்தான் நட்டிருக்கிறீங்கள் எண்டு நினைச்சன். புடுங்கி அடுப்பில வச்சனான். கந்தோர்க்காரருக்கும் நான்தான் சொன்னனான். பொய் எண்டு."

"என்னையோ? பொய்யன் எண்டோ?"

"ஓம்."

சின்னப்போடி எழும்பினார். முற்றத்தில் இறங்கி மழைத் தூறலுக்குள் வயல் பக்கம் நடந்துபோனார். ராசமலர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அழுதாள். வீட்டுக்கு அழவில்லை. தன் கண் முன்னால் முற்றத்து மணலில் அவருடைய காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு போவதைப் பார்த்துத்தான் அழுதாள். அந்தக் காலை அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பிழையாகப் பார்த்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் அவளோடு கதைக்கவில்லை. ஏசவும் இல்லை. ஆனால் கிளிவெட்டிக்குப் போய்க் கிரிசாந்தின் ஆட்களோடு கதைத்தார். நெல்லு மூட்டை அடுக்கும் அறையைத் துப்புரவாக்கி, வெள்ளை அடித்து, முதிரைக் கதவை அதற்குப் பூட்டினார். இந்த அறை இனி விதுசாவுக்கு என்றார். தையில், குறித்த நாளில், அவருடைய முற்றத்திலேயே கலியாணம் நடந்தது. தாய்மாமனாக நின்று செய்யவேண்டியதை எல்லாம் செய்தார். கலியாணப் படத்தில் அண்ணனும் தங்கச்சியும் இரண்டு ஓரத்தில் நிற்கிறார்கள்.

இப்போது ராசமலர் அக்கரைக்காரி. காலையில் ஆற்றுக்குப் போனால் எதிரே தன் வீடு நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுவது தெரியும். ஆறு புதிய வழியைப் பிடித்தபிறகு இந்தப் பக்கக் கரையில் நீர் வந்து மோதுகிற விதம் மாறியிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. சந்தேகப்படாமல் இருக்க அவளால் ஏலாது, பிறவி அப்படி. ஒரு பின்னேரம் கண்ணாக் கம்பு ஒன்றை வெட்டிக்கொண்டுவந்து, நெல் அறைக்குப் பின்னால், கரை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

காலையில் போய்ப் பார்த்தாள். கம்பு நின்றது. அடுத்த காலையும் நின்றது. மூன்றாவது காலை அது அங்கே இல்லை.

அவள் குனிந்து மணலைப் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். ஆட்டுக்கால்கூட இல்லை. யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. மணல் சுத்தமாக, ஈரமாக, விளிம்பு வரை போய் அறுந்து நின்றது. கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எது வலைஞன் கால், எது திருடன் கால் என்று சொல்லத் தெரிந்த கண்ணுக்கு அங்கே படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வீட்டுக்கு ஓடினாள். முதிரைக் கதவைக் கடந்து, முன்பக்கம் போய், கட்டிலில் படுத்திருந்தவரின் சுண்டுவிரல் இல்லாத காலைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ண, எழும்புங்கோ. ஆறு இஞ்சயும் வருது."

சின்னப்போடி எழும்பி இருந்தார். அவளைப் பார்த்தார்.

"நீ வடிவாப் பாத்தியோ?"

"பாத்தனான். ஒருத்தரும் புடுங்கேல்ல."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.